ஏதென்ஸில் யார் என்ன வேலை பார்த்தார்கள்? பண்டைய கிரேக்கத் தொழில்கள், ஓர் எளிய அறிமுகம்

கி.மு. 404. ஸ்பார்ட்டாவோடு நடந்த பெலொப்பொனேசியப் போரில் ஏதென்ஸ் தோற்றுவிட்டது. அதற்குப் பிந்தைய ஒன்றிரண்டு வருஷத்துக்குள் நடந்ததாக ஓர் உரையாடலை, சாக்ரடீஸைப் பற்றிய தன் நினைவுக் குறிப்புகளில் செனொஃபோன் எழுதி வைத்திருக்கிறார். யூதெரோஸ் என்ற பழைய நண்பரை ரொம்ப நாள் கழித்து சாக்ரடீஸ் பார்க்கிறார். வெளிநாட்டில் இருந்த சொத்து போரில் போய்விட்டது, ஊரில் அப்பா எதுவும் விட்டுவைக்கவில்லை, அடமானம் வைக்க ஒன்றுமில்லாததால் கடனும் கிடைக்காது, அதனால் உடம்பை வைத்து உழைத்துச் சாப்பிடுகிறேன் என்கிறார் யூதெரோஸ். உடம்பு எத்தனை நாளைக்குத் தாங்கும், வயதானால் உனக்கு யார் கூலி தருவார்கள் என்று கேட்கிறார் சாக்ரடீஸ். பேசாமல் ஒரு பணக்காரரிடம் சேர்ந்துவிடு, அவருடைய வேலையாட்களைப் பார்த்துக்கொள், அறுவடைக்குத் துணையாக இரு, சொத்தைக் காப்பாற்றிக் கொடு, அவருக்கும் நல்லது உனக்கும் நல்லது என்று யோசனையும் சொல்கிறார்.

நமக்கு இது அருமையான யோசனையாகத் தெரியும். வெயிலில் மண் சுமப்பதை விட்டுவிட்டு நிரந்தரமான மேற்பார்வை வேலைக்குப் போவது நம் கணக்கில் முன்னேற்றம். யூதெரோஸின் பதில் நேர் எதிர்: அடிமைத்தனத்தை என்னால் பொறுத்துக்கொள்ள முடியாது. சாக்ரடீஸ் விடாமல் வற்புறுத்த, இன்னொருவருக்குப் பதில் சொல்லும் நிலையில் இருக்க எனக்கு இஷ்டமே இல்லை என்று அவர் முடித்துவிடுகிறார்.

பண்டைய கிரேக்கர்கள் வேலையை எப்படிப் பார்த்தார்கள் என்பதைப் புரிந்துகொள்ள இந்த ஒரு பதிலைப் பிடித்துக்கொண்டால் போதும் என்பது என் கருத்து. என்ன வேலை செய்கிறாய், கை அழுக்காகிறதா இல்லையா என்பதெல்லாம் அவர்களுக்கு இரண்டாம் பட்சம். யார் சொல்கேட்டு வேலை செய்கிறாய்? முதல் கேள்வி அதுதான். தன் சொந்தப் பட்டறையில் செருப்புத் தைப்பவன் சுதந்திரமானவன், பெரிய வீட்டில் சாவிக்கொத்தை வைத்துக்கொண்டு கணக்குப் பார்ப்பவன் பாதி அடிமை. இதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படித்தால், புதிராகத் தெரியும் பல விஷயங்கள் விளங்கிவிடும்.

முதலில் இரண்டு அடிப்படை விஷயங்கள். கிரேக்கம் என்பது ஒரே நாடு கிடையாது, நூற்றுக்கணக்கான தனித்தனி நகர அரசுகள், ஒவ்வொன்றுக்கும் தனிச் சட்டம், தனிப் பழக்கம். நமக்கு நிறையச் சான்று கிடைப்பது ஏதென்ஸிலிருந்துதான் என்பதால் நான் பெரும்பாலும் கி.மு. 5, 4ஆம் நூற்றாண்டு ஏதென்ஸைப் பற்றித்தான் எழுதப் போகிறேன். அப்புறம் காசு. 6 ஒபோல் சேர்ந்தால் 1 டிராக்மா, 100 டிராக்மா 1 மினா, 60 மினா 1 டாலென்ட். 5ஆம் நூற்றாண்டின் கடைசியில் தேர்ந்த தொழிலாளி ஒருவரின் ஒரு நாள் கூலி 1 டிராக்மா. அடுத்த நூற்றாண்டின் கோதுமை விலையை வைத்துப் பார்த்தால், ஒரு டிராக்மாவுக்கு ஓர் ஆள் எட்டு ஒன்பது நாள் சாப்பிடும் அளவுக்குத் தானியம் கிடைக்கும். இவ்வளவு தெரிந்தால் போதும்.

ஒரே சாரத்தில் மூன்று வகை மனிதர்கள்

கிரேக்கத்தில் வேலையெல்லாம் அடிமைகள் செய்தார்கள், குடிமக்கள் சந்தையில் உட்கார்ந்து தத்துவம் பேசினார்கள் என்று ஒரு சித்திரம் பலர் மனதில் இருக்கிறது. பள்ளிக்கூடப் பாடங்களும் அதை வளர்த்துவிடுகின்றன. அது தப்பு என்று காட்ட ஏதென்ஸ்காரர்களே கல்லில் வெட்டி வைத்த ஒரு கணக்கு இருக்கிறது.

அக்ரோபோலிஸ் குன்றின் மேல், பெண் உருவங்களே தூண்களாக நிற்கும் எரெக்தியோன் கோயிலைப் படத்தில் பார்த்திருப்பீர்கள். அதன் வேலை போரால் பாதியில் நின்றுபோய், கி.மு. 409 வாக்கில் மறுபடி தொடங்கியது. மக்கள் பணம் என்பதால் யாருக்கு எதற்கு எவ்வளவு கொடுத்தோம் என்று அதிகாரிகள் கல்வெட்டில் பதித்து எல்லோரும் பார்க்கும்படி வைத்தார்கள். அதில் கொஞ்சம் உடைந்த துண்டுகளாக நமக்குக் கிடைத்திருக்கிறது. தூணில் நெடுவாக்கில் பள்ளம் செதுக்கியவர்கள், உத்தரம் அறுத்தவர்கள், சாரம் கட்டியவர்கள், தங்க இலை ஒட்டியவர்கள் எனப் பெயர் பெயராகப் போகிறது. சுவரின் மேல்பட்டையில் பதிக்கும் சிற்பங்களுக்கு உருப்படிக் கணக்கு: மார்புக்கவசத்துக்குப் பக்கத்தில் நிற்கும் இளைஞன், செய்தவர் கெஃபிஸியா ஊர் ஃபைரோமாக்கோஸ், 60 டிராக்மா. குதிரையும், அதற்குப் பின்னால் நின்று அதன் விலாவில் அடிக்கும் ஆளும், செய்தவர் மெலிடேயில் குடியிருக்கும் பிராக்ஸியாஸ், 120 டிராக்மா. ஓர் உருவத்துக்கு அறுபது, இரண்டு என்றால் நூற்றிருபது, அவ்வளவுதான். சிற்பியின் பேருக்கு என்று தனி விலை கிடையாது.

இந்தக் கணக்கை எழுதியவர்கள் ஒரு முறையைக் கடைப்பிடித்தார்கள். ஒருவர் இன்ன ஊரைச் சேர்ந்தவர் என்று எழுதியிருந்தால் குடிமகன். இன்ன ஊரில் குடியிருப்பவர் என்றால் வெளியூரிலிருந்து வந்து தங்கியவர், அவர்களை மெட்டிக் என்பார்கள். இன்னாருடையவர் என்றால் அடிமை. இதை வைத்து ஆராய்ச்சியாளர்கள் எண்ணிப் பார்த்தபோது, அந்தஸ்து தெரிய வரும் 86 பேரில் 24 பேர் குடிமக்கள், 42 பேர் மெட்டிக்குகள், 20 பேர் அடிமைகள். அலோப்பெகேயில் குடியிருந்த சிமியாஸ் என்ற கல்தச்சர் தன் அடிமைகளோடு சேர்ந்து அதே தூணைச் செதுக்குகிறார், அவர் பெயருக்கும் அவர்கள் பெயருக்கும் ஏறக்குறைய ஒரே தொகை எழுதப்பட்டிருக்கிறது. நாள் கூலிக்காரர்களுக்கு மூன்று வகையினருக்கும் ஒரே 1 டிராக்மா. கட்டட வேலைக்குப் பொறுப்பாக இருந்த கட்டடக் கலைஞர் அர்கிலோக்கோஸுக்கும் நாளுக்குச் சுமார் 1 டிராக்மாதான் வந்தது.

இதைப் பார்த்து ஆஹா சமத்துவம் என்று நினைத்துவிடக் கூடாது. அடிமையின் பெயரில் எழுதிய பணம் பெரும்பாலும் எஜமானன் கைக்குத்தான் போயிருக்கும். சிமியாஸ் தன் கூலியோடு தன் அடிமைகளின் கூலியையும் சேர்த்து வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போயிருப்பார். வேலையில் வித்தியாசம் இல்லை, வேலை முடிந்த பிறகு பணம் யாருக்கு என்பதில்தான் எல்லா வித்தியாசமும் இருந்தது.

மூன்று வகையினரும் என்னென்ன செய்தார்கள்

குடிமக்களில் பெரும்பாலோர் விவசாயிகள். பார்லி, கோதுமை, ஒலிவ, திராட்சை, கொஞ்சம் ஆடு. நிலம் வைத்திருக்கும் உரிமை குடிமகனுக்கு மட்டுமே உண்டு என்பதால் நிலம் வருமானம் மட்டுமல்ல, நான் இந்த ஊர்க்காரன் என்பதற்கான அடையாளமும் கூட. கி.மு. 594 வாக்கில் சோலோன் குடிமக்களை நான்கு வகுப்பாகப் பிரித்தபோது விளைச்சலை வைத்துத்தான் பிரித்தார்: 500 அளவை விளைந்தால் முதல் வகுப்பு, 300, 200 என்று இறங்கி, அதற்கும் கீழே இருப்பவர்கள் கடைசி வகுப்பு. ஆனால் ஏதென்ஸைச் சுற்றியுள்ள அட்டிக்கா பகுதியின் மண் ஏழை மண். ஊருக்கு வேண்டிய கோதுமையில் பெரும் பங்கு கருங்கடல் பக்கத்திலிருந்து கப்பலில் வந்தது. கப்பலும் துறைமுகமும் இருந்த இடத்தில் வியாபாரமும் பட்டறைகளும் தானாகவே பெருகின.

நிலம் வாங்க முடியாத மெட்டிக்குகள் இயல்பாகவே தொழிலிலும் வணிகத்திலும் இறங்கினார்கள். ஆண் ஒருவருக்கு வருஷம் 12 டிராக்மா தலைவரி, தனியாக வாழும் பெண்ணுக்கு 6. சண்டைக்கும் போக வேண்டும். ஓட்டு மட்டும் கிடையாது. சிராக்யூஸிலிருந்து வந்து குடியேறிய கெஃபலோஸ் குடும்பம் கேடயப் பட்டறை நடத்திப் பெரும் பணக்காரர்கள் ஆனது. கி.மு. 404இல் ஆட்சியைப் பிடித்த முப்பது பேர் அந்தக் குடும்பத்திடமிருந்து பறித்துக்கொண்டவற்றில் 700 கேடயங்களும் 120 அடிமைகளும் அடக்கம் என்று அவருடைய மகன் லிசியாஸ் பின்னால் நீதிமன்றத்தில் சொன்னார். அண்ணன் பொலெமார்க்கோஸை நஞ்சு கொடுத்துக் கொன்றார்கள், லிசியாஸ் தப்பி ஓடினார். எவ்வளவு சம்பாதித்தாலும் குடியுரிமை இல்லாதவன் நிலை எவ்வளவு பலவீனமானது என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டாம்.

அடிமைகள் விஷயத்தில் கொஞ்சம் நின்று பேச வேண்டும், ஏனென்றால் அடிமை என்றால் ஒரே மாதிரி வாழ்க்கை என்று எண்ணிவிடுவது சுலபம். ஒரு பக்கம் லௌரியோன் வெள்ளிச் சுரங்கம். நிமிர்ந்து நிற்க முடியாத, பல இடங்களில் தவழ்ந்துதான் போக முடிகிற குடைவுகளில், எண்ணெய் விளக்கின் புகையில் பாறையைக் கொத்த வேண்டும். நிகியாஸ் என்ற தளபதி தன் 1,000 அடிமைகளை சுரங்க வேலைக்குக் குத்தகைக்கு விட்டார். தலைக்கு நாளுக்கு 1 ஒபோல் என்றும், எத்தனை பேர் செத்தாலும் எண்ணிக்கையை 1,000 ஆகவே வைத்திருக்க வேண்டும் என்றும் ஒப்பந்தம் என செனொஃபோன் எழுதுகிறார். கணக்குப் போட்டால் வருஷத்துக்கு ஏறக்குறைய 10 டாலென்ட். அந்த ஒப்பந்தத்தின் இரண்டாவது நிபந்தனையைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு வயிறு கலங்கும். ஏதென்ஸின் வெள்ளிக் காசு, கி.மு. 480இல் பாரசீகரை சலாமிஸில் தோற்கடித்த கப்பல்கள், எல்லாவற்றுக்கும் அடியில் இந்தச் சுரங்கம் இருக்கிறது.

இன்னொரு பக்கம் பட்டறை அடிமைகள். பேச்சாளர் டெமாஸ்தனீஸின் அப்பாவுக்கு இரண்டு பட்டறைகள்: ஒன்றில் முப்பத்திரண்டு முப்பத்து மூன்று பேர் கத்தி செய்தார்கள், வருஷத்துக்கு 30 மினா லாபம், இன்னொன்றில் 20 பேர் கட்டில் செய்தார்கள், 12 மினா. அந்தக் காலத்தில் இதெல்லாம் பெரிய தொழிற்சாலை. மூன்றாவதாக, எஜமானன் வீட்டில் தங்காமல் தனியாகத் தொழில் செய்து தினமும் ஒரு தொகையைக் கட்டிவிடும் அடிமைகள். திமார்க்கோஸ் என்பவரின் குடும்பத்துக்கு ஒன்பது பத்து தோல் தொழிலாளர்கள் இருந்தார்கள். ஆளுக்கு நாளொன்றுக்கு 2 ஒபோல், மேஸ்திரி 3 ஒபோல் கட்ட வேண்டும், மிச்சம் அவர்களுக்கு. இப்படிச் சேர்த்து விடுதலையை விலைக்கு வாங்கியவர்கள் உண்டு. உச்சிக்குப் போனவர் பாசியோன்: வங்கிக்கார எஜமானர்களின் அடிமையாகத் தொடங்கி, விடுதலை பெற்று, அதே வங்கியை நடத்தி, நகரத்துக்கு அள்ளிக் கொடுத்து கடைசியில் குடியுரிமையே வாங்கினார். அவருடைய அடிமை ஃபோர்மியோனும் அதே பாதையில் போய், பாசியோன் இறந்த பிறகு அவருடைய மனைவியை மணந்து, அப்புறம் குடிமகனும் ஆனார்.

ஆனால் பாசியோன் கதையை வைத்து எல்லோரையும் எடை போடக் கூடாது. கி.மு. 413இல் ஸ்பார்ட்டாக்காரர்கள் ஏதென்ஸுக்குப் பக்கத்திலிருந்த டெகெலேயாவில் கோட்டை கட்டி உட்கார்ந்ததும், இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட அடிமைகள் தப்பி ஓடினார்கள் என்றும், அவர்களில் பெரும்பகுதி கைத்தொழில் தெரிந்தவர்கள் என்றும் வரலாற்றாசிரியர் துசிடிடீஸ் எழுதுகிறார். தொழில் தெரிந்த அடிமைக்கு வாழ்க்கை சுமாராகவாவது இருந்தது என்று சொல்பவர்களுக்கு அந்த எண்ணிக்கையே பதில்.

அப்படியானால் கூலி வேலை?

ஏதென்ஸ் சந்தைவெளிக்கு மேற்கே ஒரு சின்னக் குன்று. இன்றும் கூரையோடு நிற்கும் ஹெஃபைஸ்தோஸ் கோயில் அதன் மேல்தான் இருக்கிறது, சுற்றிலும் வெண்கலப் பட்டறைகள் இருந்தன. அந்தக் குன்றுப் பக்கம்தான் காலையில் கூலி ஆட்கள் வந்து நிற்பார்கள், வேலைக்கு ஆள் தேடுபவர்கள் அங்கே போய்க் கூட்டிக்கொண்டு போவார்கள். நம்மூர்களில் காலையில் கொத்தனாரும் சித்தாளும் கூடி நிற்கும் முக்கு போலத்தான். அறுவடை, கட்டடம், சுமை தூக்குதல் என்று அன்றன்றைக்கு வேலை. சுதந்திரமானவன் இதைச் செய்வதில் கஷ்டம் உண்டு, ஆனால் சாயங்காலம் கூலியை வாங்கியதும் உறவு முடிந்துவிடுகிறது. யூதெரோஸ் பொறுத்துக்கொண்டது இதைத்தான். ஒருவருக்குக் கீழே நிரந்தரமாக இருந்து, தினம் கணக்குச் சொல்லி, திட்டு வாங்குவதை அவரால் பொறுக்க முடியாது. சுதந்திரமானவன் இன்னொருவனுக்காக வாழ மாட்டான் என்று அரிஸ்டாட்டிலும் சொல்கிறார். ஹோமரில், செத்துப்போன அகில்லெஸ் பாதாளத்தில் பேசும்போது, இறந்தவர்களுக்கெல்லாம் ராஜாவாக இருப்பதைவிட நிலமில்லாத ஏழையிடம் கூலியாளாக உயிரோடு இருப்பேன் என்கிறான். உலகத்திலேயே மோசமான பிழைப்பு என்று அவனுக்குத் தோன்றியது எது என்று பாருங்கள்.

இந்த மனநிலையின் விளைவு விசித்திரமானது. நம்பிக்கையும் பயிற்சியும் தேவைப்படும் நிரந்தர வேலைகள், அதாவது பண்ணைக் கங்காணி, பட்டறை மேஸ்திரி, வங்கிக் கணக்கர் போன்றவை அடிமைகளிடமே போய்ச் சேர்ந்தன, ஏனென்றால் சுதந்திரமானவர்கள் அவற்றுக்கு வரத் தயங்கினார்கள். அரசாங்க வேலையிலும் அப்படியே. கி.மு. 375/4இல் போட்ட ஒரு சட்டம் கல்வெட்டாக 1970இல் சந்தைவெளியில் கிடைத்தது. நகரத்துக்குச் சொந்தமான அடிமை ஒருவர் சந்தையில் வங்கிக்காரர்களின் மேசைகளுக்கு நடுவே உட்கார்ந்து வெள்ளிக் காசுகளைச் சோதிக்க வேண்டும். உள்ளே வெண்கலமோ ஈயமோ இருந்தால் அங்கேயே காசை வெட்டிவிட வேண்டும். அவர் செல்லும் என்று சொன்ன காசை எந்த வியாபாரியும் மறுக்கக் கூடாது. மறுத்தால் அன்று விற்பனைக்கு வைத்த சரக்கு பறிமுதல். இவ்வளவு அதிகாரம் உள்ள அந்த மனிதர் தன் இடத்தில் உட்காராமல் போனாலோ சட்டப்படி சோதிக்காமல் விட்டாலோ 50 கசையடி. நிபுணத்துவமும் சாட்டையும் ஒரே ஆளின் வாழ்க்கையில் சேர்ந்து இருந்தன.

அப்படியென்றால் நகரத்திடம் சம்பளம் வாங்கிய குடிமக்கள்? நீதிமன்றத்தில் நடுவராக உட்கார்ந்தால் தலைவர் பெரிக்ளிஸ் காலத்தில் 2 ஒபோல், பிறகு கிளியோன் என்ற அரசியல்வாதி அதை 3 ஆக்கினார். போர்க்கப்பலில் துடுப்புப் போட 170 பேர் வேண்டும், சிசிலிப் படையெடுப்பின்போது ஆளுக்கு நாளொன்றுக்கு 1 டிராக்மா. கடைசி வகுப்புக் குடிமக்கள் நிறையப் பேருக்கு இது முக்கியமான வருமானம். இதில் யாரும் கேவலம் பார்க்கவில்லை, காரணம் எளிது: நகரம் என்பது தாங்களேதான், தனி ஆள் ஒருவன் எஜமானனாக மேலே உட்காரவில்லை. பதவிகளும் பெரும்பாலும் சீட்டுக் குலுக்கி ஒரு வருஷத்துக்கு மட்டும்தான், ஆகவே யாரும் யாருக்கும் நிரந்தரக் கீழாள் ஆவதில்லை.

ஒரு செருப்புக் கடையும் எக்கச்சக்கமான தொழில்களும்

சின்ன ஊரில் ஒரே தச்சர் கட்டில், கதவு, கலப்பை, மேசை எல்லாம் செய்து, சமயத்தில் வீடும் கட்டுவார். பெரிய நகரத்தில் ஒருவர் ஆண்களுக்கு மட்டும் செருப்புச் செய்வார், இன்னொருவர் பெண்களுக்கு மட்டும், சில இடங்களில் ஒருவர் தைப்பார், வேறொருவர் தோல் வெட்டுவார் என்று செனொஃபோன் விளக்குகிறார். வாங்க ஆள் இருந்தால்தான் தொழில் பிரியும் என்ற கருத்தை அவ்வளவு காலத்துக்கு முன்பே தெளிவாகச் சொல்லிவிட்டார். ஏதென்ஸின் இலக்கியத்திலும் கல்வெட்டுகளிலும் வரும் தொழில்களை எண்ணினால் 170ஐ நெருங்கும் என்கிறார்கள் ஆராய்ச்சியாளர்கள். கரி சுட்ட அகார்னை ஊர்க்காரர்கள், கெராமெய்க்கோஸ் பகுதிக் குயவர்கள், விளக்குச் செய்பவர், புல்லாங்குழல் செய்பவர், பூண்டு விற்பவள், நாடா விற்பவள்...

இதையெல்லாம் கண்ணால் பார்க்க வேண்டுமென்றால் ஏதென்ஸ் சந்தைவெளியின் தென்மேற்கு மூலைக்குப் போக வேண்டும். இது சந்தைவெளியின் எல்லை என்று எழுதிய ஒரு கல் அங்கே நிற்கிறது. அதை ஒட்டியிருந்த ஒரு சின்ன வீட்டைத் தோண்டியபோது குட்டை குட்டையான இரும்பு ஆணிகளும், செருப்பு வாரின் துளைக்கு வைக்கும் எலும்பு வளையங்களும் ஏராளமாகக் கிடைத்தன. கூடவே ஒரு கிண்ணத்தின் அடிப்பாகம், அதில் இது சிமோனுடையது என்ற பொருளில் கீறியிருக்கிறது. சாக்ரடீஸ் ஒரு சிமோனின் செருப்புக் கடையில் போய் உட்கார்ந்து பேசுவார் என்றும், அந்த சிமோன் அதைக் குறித்து வைத்துக்கொள்வார் என்றும் பழைய நூல்களில் ஒரு குறிப்பு இருக்கிறது. அதே சிமோன்தான் என்று அடித்துச் சொல்ல முடியாது, ஆனால் காலமும் இடமும் பொருந்துகின்றன.

கேவலமாகப் பேசியவர்கள் யார்

கைத்தொழில் உடம்பைக் கெடுக்கும், நாளெல்லாம் நிழலில் உட்கார வைக்கும், நெருப்புப் பக்கம் காய வைக்கும், நண்பர்களுக்கும் நகரத்துக்கும் நேரம் இல்லாமல் செய்யும் என்று செனொஃபோனின் சாக்ரடீஸ் ஓரிடத்தில் சொல்கிறார். சிறந்த நகரம் கைத்தொழிலாளியைக் குடிமகனாக்காது என்கிறார் அரிஸ்டாட்டில். அந்தக் கிளியோனைத் தோல் வியாபாரி என்று அரிஸ்டோஃபனீஸ் நாடகத்தில் கிழித்தார். தன் அரசியல் எதிரி ஐஸ்கினீஸின் அப்பா சின்னப் பள்ளிக்கூட வாத்தியார், மகன் அங்கே மை அரைத்து பெஞ்சு துடைத்தவன் என்று டெமாஸ்தனீஸ் கூட்டத்துக்கு நடுவே இளக்காரம் செய்தார்.

இதையெல்லாம் எழுதியவர்களும் பேசியவர்களும் பெரும்பாலும் நிலமும் ஓய்வும் உள்ளவர்கள் என்பதை மறந்துவிடக் கூடாது. இத்தனைக்கும் டெமாஸ்தனீஸ் சாப்பிட்டது கத்திப் பட்டறைக் காசு, சாக்ரடீஸின் அப்பாவே கல் வேலை செய்தவர் என்று மரபு. மகனுக்குத் தொழில் கற்றுத்தராத அப்பாவுக்கு வயதான காலத்தில் சோறு போட வேண்டிய கடமை மகனுக்கு இல்லை என்று சோலோன் சட்டம் போட்டதாக புளூட்டார்க் எழுதுகிறார். மக்கள் சபையில் பேசக் கூச்சப்பட்ட ஓர் இளைஞனிடம், அங்கே இருப்பது யார், சலவைக்காரர்கள், செருப்புத் தைப்பவர்கள், தச்சர்கள், கொல்லர்கள், விவசாயிகள், வியாபாரிகள்தானே, இவர்களுக்கா பயப்படுகிறாய் என்று சாக்ரடீஸ் கேட்கிறார். அந்தக் கேள்வியில் இளக்காரம் இருக்கிறது, ஆனால் ஜனநாயகத்தை நடத்தியது யார் என்ற உண்மையும் இருக்கிறது.

தொழிலாளிகள் தங்களைப் பற்றி விட்டுச்சென்றதைப் படித்தால் தொனியே வேறு. யூஃப்ரோனியோஸ் ஒருநாளும் செய்ய முடியாதபடி, என்று தன் போட்டியாளரைச் சீண்டி ஒரு ஜாடியில் எழுதியிருக்கிறார் ஓவியர் யூதிமிதீஸ். போரில் இறந்த மன்னேஸ் என்ற ஃப்ரீஜியர் ஒருவரின் கல்லறை, என்னைவிட நல்ல மரவெட்டியை நான் பார்த்ததே இல்லை, ஜீயஸ் மேல் ஆணை என்கிறது. அந்நிய நாட்டிலிருந்து வந்து விறகு வெட்டிய ஒருவர் தன் பெயருக்குப் பக்கத்தில் பதிக்கச் சொன்னது தன் தொழிலைத்தான். எனக்கு அரிஸ்டாட்டிலின் வாதங்களைவிட இந்தக் கல் அதிகம் சொல்கிறது.

பெண்கள்

பெண்கள் வீட்டுக்குள்ளேயே இருந்தார்கள் என்பது வசதியான வீடுகளின் ஆசை. நூல் நூற்பதும் நெசவும் எல்லா வீட்டிலும் பெண்கள் வேலை. வெளியே ரொட்டி, காய்கறி, மாலை, நாடா விற்றவர்களும் பெண்களே. யூக்ஸிதியோஸ் என்பவரின் குடியுரிமையை கி.மு. 346 வாக்கில் ஊர்க்காரர்கள் பறித்தபோது சொன்ன காரணங்களில் ஒன்று, அவன் அம்மா சந்தையில் நாடா விற்றாள், அடுத்தவர் பிள்ளைக்குப் பால் கொடுத்தாள் என்பது. அவர் நீதிமன்றத்தில் மறுக்கவே இல்லை. ஆமாம் விற்றாள், போர்க் காலத்து வறுமை, நிறையக் குடிமக்கள் வீட்டுப் பெண்கள் செவிலிகளாகவும் நெசவுக்கும் திராட்சை பறிக்கவும் போனார்கள், சந்தையில் வேலை செய்ததைச் சொல்லிக் குடிமக்கள் யாரையும் ஆணோ பெண்ணோ இழிவுபடுத்தினால் அது அவதூறு என்று சட்டமே இருக்கிறதே என்று திருப்பிக் கேட்டார். அப்படி ஒரு சட்டம் தேவைப்பட்டது என்பதிலிருந்தே இழிவுபடுத்துவது எவ்வளவு சகஜம் என்றும் தெரிகிறது. அகார்னையில் ஃபனோஸ்த்ராதே என்ற பெண்ணின் கல்லறை அவரை மருத்துவச்சி என்றும் மருத்துவர் என்றும் குறிப்பிடுகிறது. யாருக்கும் துன்பம் தராதவர், இறந்தபோது எல்லோரும் ஏங்கினார்கள் என்கிறது.

அரிஸ்டார்க்கோஸ் என்பவரின் வீட்டுக் கதையும் செனொஃபோன் சொன்னதுதான். உள்நாட்டுக் கலவரத்தில் ஆண்கள் ஓடிவிட, அக்கா தங்கை மருமகள் என்று அவர் வீட்டில் மட்டும் சுதந்திரமான உறவினர்கள் 14 பேர் வந்து சேர்ந்துவிட்டார்கள். நிலத்தில் வருமானம் இல்லை, கடன் கிடைக்கவில்லை. பக்கத்தில் ஒருவர் ஆட்களை வைத்துத் துணி செய்து பணக்காரராகிறாரே என்று சாக்ரடீஸ் கேட்க, அவர் வைத்திருப்பது விலைக்கு வாங்கிய அந்நியர்களை, என் வீட்டில் இருப்பது உறவினர்கள், எப்படி வேலை வாங்குவது என்கிறார் அரிஸ்டார்க்கோஸ். சுதந்திரமானவர்கள் என்பதற்காகச் சாப்பிட்டுத் தூங்க மட்டும்தான் வேண்டுமா என்று சாக்ரடீஸ் மடக்குகிறார். செலவுக்கு இல்லாமல் தொழிலுக்கு என்று கடன் வாங்கிக் கம்பளிக்கு வழி செய்ததும் அந்தப் பெண்கள் காலையில் உட்கார்ந்தால் இராச் சாப்பாட்டுக்குத்தான் எழுந்தார்கள், வீட்டில் இருந்த மூஞ்சி தூக்கல் எல்லாம் போய்விட்டது. அவர்களுக்கு ஒரே குறை, வேலை செய்யாமல் சாப்பிடுவது வீட்டில் அரிஸ்டார்க்கோஸ் ஒருவர்தான் என்பது.

ஏதென்ஸுக்கு வெளியே

மற்ற ஊர்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தீப்ஸில் பத்து வருஷமாவது சந்தை வியாபாரத்தை விட்டு விலகி இருந்தால்தான் பதவிக்கு வர முடியும் என்று சட்டம் இருந்தது. ஸ்பார்ட்டாவில் முழுக் குடிமக்கள் தொழிலே செய்யக் கூடாது. ஹெலட்டுகள் என்ற அடிமைப்பட்ட மக்கள் நிலத்தை உழுதார்கள், சுற்றுவட்டாரத்தில் வாழ்ந்த பெரியோய்க்கோய்கள் பட்டறை வேலையைப் பார்த்தார்கள். அங்கே ஆண்கள் முடியை நீளமாக வளர்ப்பது மரியாதைக்குரியது, ஏனென்றால் நீள முடியை வைத்துக்கொண்டு கூலி வேலை செய்வது சிரமம் என்று அரிஸ்டாட்டில் விளக்கம் தருகிறார். கொரிந்து நேர்மாறு. இரண்டு பக்கமும் துறைமுகம், பானைகளுக்கும் வெண்கலத்துக்கும் பேர்போன ஊர். கிரேக்கர்களிலேயே கைத்தொழிலாளிகளை மிகக் குறைவாக இழிவுபடுத்துபவர்கள் கொரிந்துக்காரர்கள்தான் என்றும், மிக அதிகமாக இழிவுபடுத்துபவர்கள் ஸ்பார்ட்டாக்காரர்கள் என்றும் ஹெரோடோட்டஸ் எழுதி வைத்திருக்கிறார்.